ஒரே மதகுக்குக் கீழே

எட்டு போன்கள் இருந்த காலத்தில்
சேர்வர் என்பது மேசைக்கடியில் ஒரு பழைய கம்ப்யூட்டர்.
சூடு ஆறாமலிருக்க
சித்தி சாலிஹா அதன்மேல் சோற்றுப் பார்சலை வைப்பாள்.

விடியற்காலை இரண்டு மணிக்கு
தம்புள்ளையிலிருந்து லீக்ஸ் விலை கேட்பார்கள்,
கொழும்பிலிருந்து கரட்.
கெப்பட்டிப்பொலையில் எட்டுப் பேர் எட்டு விலை சொல்வார்கள்.
ஒன்பதாவது ஆள் அழைத்தால்
டூட் டூட் டூட்.
அந்த மூன்று டூட்டில்
ஒரு லொறி கோவா கைமாறிப் போனதாக
முதலாளி அஸ்வர் கணக்குச் சொன்னார்.

அப்படித்தான் பெருத்தோம்.
எட்டு இருபதானது, இருபது அறுபத்திநாலு.
கந்தப்பளையில் நாலு, வெலிமடையில் ஒன்பது,
பொரலந்தையில் உரக்கடை மாடியில் ஒன்று.
அதை யாரும் எடுப்பதில்லை, ஆனாலும் மணியடிக்கும்.

நிமிடத்துக்கு ஒருமுறை
ஒவ்வொரு போனும் சேர்வரிடம் சொல்லும்:
இருக்கிறேன்.
சரி, இருக்கிறாய், என்று அது எழுதிக்கொள்ளும்.
யாரும் யாரையும் அழைக்காத நேரத்திலும்
ஓயாத இந்தப் பேச்சை
திரையில் நான் மட்டும் பார்த்திருக்கிறேன்.

அறுபத்திநாலு பேர் ஒரு பெட்டியில் தொங்குவது
நல்லதில்லை என்றேன்.
இன்னொன்று வாங்கினார். பண்டாரவளைக் கிளையில் வைத்தோம்.
இது விழுந்தால் அது எழும்பும்.
"எங்கே, விழுத்திக் காட்டு."
எல்லார் முன்னாலும் பிளக்கைப் பிடுங்கினேன்.
பதினொரு விநாடி
ஒருவரும் மூச்சு விடவில்லை.
பன்னிரண்டாவதில் வெலிமடை ஹலோ என்றது.
முதலாளி தட்டிய தட்டில்
தேத்தண்ணி ரசீதுப் புத்தகமெல்லாம் பரவியது.

லைனும் இரண்டு.
இரண்டு கம்பனி, இரண்டு நிற வயர், மாதம் இரண்டு பில்.

ஒக்டோபரில் நாலு நாள் மழை.
ஐந்தாம் இரவு ஒன்று நாற்பதுக்கு
இரண்டு விளக்கும் ஒன்றாகச் சிவந்தன.
ஒன்று போகலாம், இரண்டும் போகக் கூடாதே என்று
விளக்குகளோடு வாதாடிக்கொண்டிருந்தேன்.

விடிந்ததும் சேற்றில் நின்று பார்த்தோம்.
பாதி ரோடு பள்ளத்துக்குள் கிடந்தது.
பிளந்த மதகின் வாயிலிருந்து
மஞ்சள் வயரும் கறுப்பு வயரும்
ஒரே குழாய்க்குள்ளால் நாக்கு நீட்டின.
பதினெட்டு மாதம் இரண்டு பில் கட்டி
நாங்கள் வாங்கியது ஒரு பாதை.
லைன் வேலைக்கு வந்த ருவன்
அரைத் தமிழில் சொன்னான்:
"வேற எடம் இல்ல மிஸ்,
இந்த மலைக்கு ரோடு ஒண்ணுதானே."

அதைவிட மோசம் உள்ளே நடந்தது.
இங்கிருந்த சேர்வர்
பண்டாரவளை செத்துவிட்டதென்று நம்பியது.
பண்டாரவளை இதைப் பற்றி அப்படியே.
ஆளுக்கொரு பதிவேடு திறந்து
இரண்டும் தலைமையில் உட்கார்ந்துவிட்டன.
மலைக்கு இந்தப் பக்கம் பீட்ரூட் இருநூற்றி இருபது,
அந்தப் பக்கம் நூற்றி எழுபது.
இரண்டும் கம்பனியின் வாய்தான்.
ஒரு பொய்யும் இல்லாமல்
இரண்டு நாள் விற்று நட்டப்பட்டோம்.

இப்போது கூரையில் ஒரு தட்டு
எதிர்மலைக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.
பனிமூட்டமென்றால்
குரலில் கொஞ்சம் மணல் விழும், பரவாயில்லை.
தியத்தலாவையில் ஒரு பார்மசியின் மேல்தட்டில்,
இருமல் பாணிக்குப் பின்னால்,
உள்ளங்கையளவு பெட்டி.
அதற்கு ஒரு போனும் கிடையாது.
இரண்டு பேரும் "நான்தான்" என்றால்
யாரென்று சொல்ல மட்டும்.

எல்லாம் முடித்துக் கையெழுத்து வாங்கப் போனபோது
முதலாளி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:
"சரி துஷ்யந்தி, உனக்குக் காய்ச்சல் வந்தா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பாஸ்வேர்ட் முழுக்க என் தலைக்குள்.
என் தலை
தினமும் ஆறரை பஸ்ஸில்
அதே மதகைக் கடந்துதான் வீட்டுக்குப் போகிறது.

அன்று போகும் வழியில்
எண்பது பக்கக் கொப்பிகள் இரண்டு வாங்கினேன்.
ஒன்றைத் தீபகரனிடம் கொடுக்க வேண்டும்.
அவன் அந்த ரோட்டால் வருவதில்லை,
கேட்டு நிச்சயப்படுத்திக்கொண்டேன்.